செங்காந்தளும் ஒரு செட் மாத்திரையும்: மருந்துக்கடை அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் மருந்துக்கடை நடத்தும் அன்பர்களுக்கும், அக்கடைகளின் மேஜைக்குப் பின்னால் பகலெல்லாம் நின்றபடியே மாத்திரை எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கையருக்கும்,

மாலை ஏழு மணிக்குப் பனியன் கம்பெனிகள் விட்டு, ஆட்களை ஏற்றிய வேன்கள் ஒவ்வோர் ஊர் முக்கிலும் நின்று நின்று செல்லும் நேரத்தில், உங்கள் கடைமுன் வந்து நிற்கும் பெண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சாய்மானமில்லாத ஸ்டூலில் அமர்ந்து ஓவர்லாக் மிஷினின் முன் ஒன்றரை ஷிப்ட் குனிந்தவளும், செக்கிங் மேஜையருகே காலையிலிருந்து கால் மாற்றி நின்றவளும், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "இடுப்பு புடிச்சுக்கிச்சுங்ணா, ஒரு செட்டு மாத்திர குடுங்க" என்று கேட்கிறார்கள். நீங்களும் இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்து, அட்டைக்கு ஒன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, சிறு காகித உறையிலிட்டு, "சாப்பிட்டுட்டுப் போடுங்க அம்மணி" என்று பரிவோடு சொல்லிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் காரியத்தில், இன்னும் ஒரு கால் நிமிஷத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று உங்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் வைத்தியனல்லன், மூலனூர்ப் பக்கத்தில் பிறந்து, முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள்மீது குறை சுமத்த எனக்கு மனமில்லை. டாக்டரிடம் போனால் அரை நாள் கூலியும் அதற்கு மேல் கட்டணமும் போய்விடும் என்று அஞ்சுகிற ஏழைக்கு, இரவு பத்து மணிவரை விளக்கெரியும் உங்கள் கடையே முதல் ஆஸ்பத்திரியாக இருக்கிறது என்பதையும், உங்களில் எத்தனையோ பேர் காசில்லாதவருக்குக் கடனாகவும் இலவசமாகவும் மருந்து கொடுத்து அனுப்புகிறீர்கள் என்பதையும் நான் அறிவேன். அறிந்திருப்பதனால்தான் இந்த விண்ணப்பத்தைச் சர்க்காருக்கு அனுப்பாமல் உங்களிடம் கொண்டுவருகிறேன்.

நீங்கள் கொடுக்கும் அந்த உறைக்குள் இருக்கும் மாத்திரைகளில் ஒன்று, பெரும்பாலும், தசைப்பிடிப்பைத் தளர்த்துவதற்காகச் சேர்க்கப்படும் தயோகோல்சிகோசைடு என்னும் மருந்து கலந்தது. அதன் பெயர் வாயில் நுழையாத அயல்நாட்டுப் பெயராக இருப்பதால், அது எங்கோ தூர தேசத்து ரசாயனசாலையில் பிறந்த சரக்கு என்று நம்மவர் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பிறப்பிடமோ நம் காட்டு வேலி. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி ஆகிய வட்டாரங்களில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பஸ்ஸில் போகிறவர்கள், இருபுறமும் கம்பிகளிலும் காய்ந்த முள்மாறுகளிலும் கொடியேறி, தீக்கொழுந்துகள் மேல்நோக்கி எரிவதுபோல் பூத்துக் கிடக்கும் தோட்டங்களைக் காணாமலிருக்க முடியாது. அதுவே செங்காந்தள், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் பூக்களின் நீண்ட வரிசை தொடங்குவதே இந்தப் பூவில்தான், நம் மாநிலத்தின் மலரும் இதுவே. கார்த்திகைப் பூ என்றும், கிழங்கின் வடிவத்தால் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக் கிழங்கு என்றும் ஊருக்கொரு பெயர் வழங்குகிறது.

இந்தக் கொடியின் அமைப்பை வகுப்பில் விவரிக்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் வியப்பு இன்றும் குறையவில்லை. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கொடியைத் தாங்குகிறது. பூவோ முதல்நாள் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாள் செல்லச் செல்லச் சிவப்பேறி, முடிவில் முழுச்சிவப்பாகிறது. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், தானாக மகரந்தம் சேர்வது அரிதாகி, காலை வேளைகளில் பெண்கள் வரிசை வரிசையாக நடந்து ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தங்கள் கையாலேயே தொட்டு வைக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தொட்டு வைத்த பூ காயாகி, தை மாசி வாக்கில் முற்றிக் காய்ந்து, உள்ளே செந்நிற விதைகள் தோன்றும். அவ்விதைகளை வியாபாரிகள் கிலோக் கணக்கில் வாங்கி, மருந்துச் சத்தெடுக்கும் ஆலைகளுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். விலை ஒரு வருஷம் ஏறி மறு வருஷம் வீழ்ந்து குடியானவனைப் படுத்தும் பாடு தனிக்கதை. அது இங்கே வேண்டாம்.

விதைக்காக ஏன் இத்தனை பாடு? அதனுள் இருக்கும் கோல்சிசின், கோல்சிகோசைடு என்ற இரண்டு சத்துக்களுக்காக. கோல்சிசினை 1820-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்துப் பெல்லெட்டியேயும் காவாந்துவும் வேறொரு கிழங்கினத்திலிருந்து முதன்முதல் பிரித்தெடுத்தார்கள். மூட்டு வீங்கித் துடிக்கும் கௌட் என்ற வாத நோய்க்கு அது இன்றளவும் கைகண்ட மருந்தாக இருந்து வருகிறது. அளவு சற்று மீறினாலோ கொடிய விஷம். உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கிச் செங்காந்தள் கிழங்கை வேகவைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு.

கோல்சிசினின் சுபாவத்தில் விசேஷமான ஒன்றை மட்டும் உங்கள் மனத்தில் பதிக்க விரும்புகிறேன். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதன் குரோமோசோம்களைச் சரிபாதியாக இரு பக்கமும் இழுத்துச் செல்லும் மெல்லிய இழைகளை அது உருவாகவொட்டாமல் தடுத்துவிடுகிறது. 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ என்பவர், செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பதற்கு இந்தக் குணத்தையே கருவியாக்கிக்கொண்டார். அதன் பின்னர் பயிர் ஆராய்ச்சி நிலையங்களெல்லாம் அதைக் கையாண்டன. கணுவில் ஒரு துளி வைத்தால் செடியின் குரோமோசோம் கணக்கே மாறிவிடும் என்று நான் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்த அதே பொருளின் உடன்பிறப்பான கோல்சிகோசைடில், ஓர் ஆக்சிஜன் அணுவின் ஸ்தானத்தில் கந்தக அணு ஒன்றை வைத்தால் கிடைப்பதுதான் நீங்கள் விற்கும் தயோகோல்சிகோசைடு.

இப்படிச் சொன்னவுடனே அந்த மருந்தை விஷமென்று தள்ளிவிட நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கந்தகம் புகுந்ததனால் அதன் குணம் பெரிதும் மாறிவிட்டது. கோல்சிசினுக்குள்ள கொடுமை அதற்குக் கிடையாது. தசையை அது நேரே தொடுவதில்லை. தசைக்கு ஆணையிடும் நரம்பு மையங்களில் வேலை செய்து பிடிப்பைத் தளர்த்துகிறது. திடீரென்று இடுப்போ கழுத்தோ பிடித்துக்கொண்டு, திரும்பவும் நிமிரவும் மாட்டாமல் அவஸ்தைப்படுகிறவருக்கு, வலி மாத்திரையோடு துணையாகச் சில நாள் கொடுத்தால், பிடிப்பு விட்டு நடமாடும் சக்தி சீக்கிரம் வருகிறது என்பது பரிசோதித்துக் கண்ட உண்மை. குறுகிய காலத்துக்கு ஒரு துணை மருந்து என்பதே அதற்குரிய ஸ்தானம். நம் பக்கத்திலோ அது கழுத்து வலிக்கும், கால் குடைச்சலுக்கும், பத்து வருஷத்து முதுகு வலிக்கும், வேலை முடிந்த அலுப்புக்கும் அன்றாட ஆகாரம்போல் ஆகிவிட்டது.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலி நாட்டு மருந்துத் துறையின் வேண்டுகோளின் பேரில் ஐரோப்பிய மருந்து முகமை இந்த மருந்தை மறுபடியும் ஆராய்ந்து, 2013 நவம்பரில் தன் முடிவை வெளியிட்டது. இம்மருந்து உடம்புக்குள் சென்று சிதையும்போது தோன்றும் ஒரு துணைப்பொருள், பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கையைத் தவறச் செய்யக்கூடும் என்பதும், வாய்வழியாக உட்கொள்ளும் உச்ச அளவில் ரத்தத்தில் காணப்படுவதைக் காட்டிலும் மிக அதிகமல்லாத அளவிலேயே அது நிகழக்கூடும் என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெரியவந்தன. மனித உயிரணுவில் இருக்கவேண்டிய குரோமோசோம்கள் 46. ஒன்று கூடினாலும் குறைந்தாலும், உருவாகிக்கொண்டிருக்கும் கரு தங்காமல் போகலாம், அல்லது குறையோடு வளரலாம். ஆணின் விந்தணுக்களுக்கும் கேடு வரலாம். நெடுநாள் உட்கொள்வதால் புற்றுநோய்க்கான அபாயமும் கூடக்கூடும். ஆகையால் அந்த முகமை கறாராக எல்லை வகுத்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கலாகாது; மாத்திரையானால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 8 மில்லிகிராமுக்கு மேற்படாமல் 7 நாள் மட்டும்; ஊசியானால் 4 மில்லிகிராம் வீதம் 5 நாள் மட்டும்; கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கூடாது; பிள்ளை பெறும் பருவத்தில் இருந்து கருத்தடை முறை எதையும் கைக்கொள்ளாத பெண்களுக்கும் கூடாது.

கடைசியாகச் சொன்ன விதியை உங்கள் கடையின் மாலைக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேருக்குமேல் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பெண்கள். அவர்களில் பலர் புதிதாக மணமானவர்கள். கரு தரித்த முதல் நான்கைந்து வாரங்களில் அது தரித்திருப்பதைப் பல சமயம் தாயே அறியமாட்டாள். அந்த வாரங்களில்தான் அணுக்கள் இடைவிடாது பிரிந்து பிரிந்து உறுப்புகள் உருவெடுக்கின்றன. அதே வாரங்களில்தான் கர்ப்பத்தின் முதல் அடையாளமாகச் சிலருக்கு இடுப்பு வலியும் வருகிறது. அவள் இடுப்பு வலிக்கிறது என்று உங்களிடம் வருகிறாள்.

என் தங்கையின் மகள் ஒருத்தி இவ்வாறு வந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பு வலி தாங்காமல், பஸ் நிறுத்தத்துக்கு அருகிலிருந்த ஒரு கடையில் செட் மாத்திரை வாங்கி, இடையிடையே விட்டும் தொடர்ந்தும் ஒரு மாதத்துக்கு மேல் விழுங்கியிருக்கிறாள். நாள் தள்ளிப்போய்ச் சோதித்துப் பார்த்தபோது இரண்டு மாதம் முழுகாமல் இருப்பதாகத் தெரிந்து, வீடே சந்தோஷத்தில் திளைத்திருந்த சமயத்தில், அவளுடைய கைப்பையின் அடியில் வெட்டிய அட்டைத்துண்டு ஒன்று கிடந்ததைத் தற்செயலாக நான் பார்த்தேன். கத்தரிக்கோல் பாதி எழுத்துகளைத் தின்றுவிட்டிருந்தது. எஞ்சியிருந்தவற்றைக் கூட்டிப் படித்தால் 'கோல்சிகோ' என்று வந்தது. வைத்தியம் படிக்காத நான் அந்த நான்கு எழுத்தில் எங்கள் ஊர்ப் பூவைக் கண்டுகொண்டேன். கண்டுகொண்டபின் அன்றிரவு உறங்கவில்லை.

பெண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். அந்த அம்மையார் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டு, ஸ்கேன் பார்த்து, பயப்படவேண்டாம் என்று தைரியம் சொன்னார். இந்த மருந்தை உட்கொண்ட கர்ப்பிணிக்குத் தீங்கு நேர்ந்தே தீரும் என்பதற்குச் சான்றில்லை என்றார். நேராது என்று கையடித்துச் சொல்வதற்கும் போதிய சான்றில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் மிச்சமிருந்த ஏழு மாதங்களையும் கழித்தாள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்திய இரவில் அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததையும், வளைகாப்பன்று கைநிறைய வளையலோடு கொல்லைப்புறம் போய் யாருக்கும் தெரியாமல் அழுததையும் நான் பார்த்தேன். குழந்தை யாதொரு குறையுமின்றிப் பிறந்தது. இன்று பள்ளிக்கூடம் போகிறது. ஆனாலும், மாத்திரை கொடுத்த கைகள் "நாள் தள்ளிப் போயிருக்குதுங்களா?" என்று ஒருமுறை கேட்டிருந்தால், அந்த ஏழு மாதத்துத் துன்பத்தில் ஒரு நாளேனும் அவளுக்கு வந்திராது. அந்தக் கடைக்காரரைப் பின்னர் சந்தித்தேன், நல்ல மனிதர், தமக்கு இவ்விஷயமே தெரியாதென்று சொல்லி மனம் வருந்தினார். அவர் சொன்னது உண்மையென்றே நம்புகிறேன். ஆதலால்தான் ஒருவரிடம் சொன்னதோடு நிறுத்தாமல் உங்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

உங்கள் மேஜைமேல் இருக்கும் கத்தரிக்கோலைப் பற்றியும் சொல்லவேண்டும். இது டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே விற்கத்தக்கதென்று நம் சட்டம் 'எச்' அட்டவணையில் வைத்திருக்கும் மருந்து. அதனால்தான் அதன் அட்டையில் சிவப்புக் கோடும் எச்சரிக்கை வாசகமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை மட்டும் வெட்டிக் கொடுக்கும்போது, மருந்தின் பெயரும், காலாவதியாகும் தேதியும், அந்தச் சிவப்புக் கோடும் பெரும்பாலும் உங்கள் கடையிலேயே தங்கிவிடுகின்றன. வாங்கிச் சென்றவளின் கையில் நிறம் மட்டுமே மிஞ்சுகிறது. மறுவாரம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டால், "ஒரு மஞ்ச மாத்திரைங்க, ஒரு வெள்ளைங்க" என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. ஏழைக்கு முழு அட்டை வாங்கக் காசில்லை. அதை நான் மறுக்கவில்லை. மூன்று மாத்திரை கொடுத்தாலும், உறையின்மேல் பேனாவால் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுப்பதற்குக் காசொன்றும் செலவில்லையே.

இந்த மாத்திரை பெரும்பாலும் தனித்து வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அசெக்லோஃபெனாக் என்ற வலிநிவாரணி 100 மில்லிகிராமும் இது 4 அல்லது 8 மில்லிகிராமும் ஒரே வில்லையாக வருகின்றன. ஆகவே, இதைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகளோடு அதைப் பற்றிய கேள்விகளும் சேர்கின்றன. வயிற்றில் புண் உள்ளவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும், இருதய நோயாளிக்கும், ஆஸ்பிரினோ ரத்தக் கட்டுக்கான மாத்திரையோ உட்கொள்கிறவருக்கும் அந்த வலிநிவாரணி தீங்கு செய்யும். தயோகோல்சிகோசைடோ, வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பைக் கிளப்பிவிடக்கூடும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் அரிதாகக் கல்லீரல் கோளாறும் உண்டாக்கும். தூக்கக் கலக்கம் தருமாகையால், அதை விழுங்கிவிட்டு இரவு லாரி ஓட்டப் போகிறவருக்கும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புவது நலம்.

கர்ப்பத்தைப் பற்றிக் கேட்பது அத்தனை சுலபமன்று என்று நீங்கள் சொல்வீர்கள். அது முற்றிலும் நியாயம். பக்கத்தில் நாலு ஆண்கள் நிற்கும்போது, முன்பின் அறியாத இளம்பெண்ணிடம் ஓர் ஆண்மகன் அதைக் கேட்டால் அவள் கூசிப்போவாள், சிலர் கோபிப்பார்கள், கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்டுவிட்டாலோ வம்பாகிவிடும். ஆனால் இந்தக் கூச்சத்தைத் தாண்டுவதற்கும் உபாயங்கள் உண்டு. சில கடைகளில் அவற்றை நான் பிரத்தியட்சமாகவே பார்த்திருக்கிறேன். ஒரு கடையில், இடுப்பு வலி என்று பெண் யார் வந்தாலும், அவரைக் கல்லாவில் இருக்கும் அண்ணன் தாமே கவனிப்பதில்லை. உள்ளே பில் போடும் அக்காவைக் கூப்பிட்டு விடுகிறார். அந்த அக்கா மேஜையின் ஓரத்துக்கு அழைத்து, குரலைத் தாழ்த்தி, "முழுகாம இருந்தா இந்த மாத்திர ஆகாதுங்க கண்ணு, அதுக்குத்தான் கேட்கறேன்" என்கிறார். கேள்வியோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால், கேட்கப்பட்டவள் அதை அவமதிப்பாக எண்ணாமல் அக்கறையாக எண்ணுகிறாள். இன்னொரு கடையில், "கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரித்திருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் மாத்திரை வாங்கும்முன் சொல்லிவிடுங்கள்" என்று கண்ணில் படும்படி எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எது உங்கள் கடைக்குப் பொருந்துமோ அதைச் செய்யுங்கள்.

நாங்கள் மறுத்தால் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்வாள் என்ற சமாதானத்தையும் கேட்டிருக்கிறேன். எதிர்க்கடைக்காரரும் இந்த மடலைப் படிப்பவர்தாம். மேலும், வெறுங்கையோடு திருப்பியனுப்பும்படி நான் சொல்லவில்லை. திடீரென்று பிடித்த இடுப்பு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். வெந்நீர் ஒத்தடமும், படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடமாடிக்கொண்டிருப்பதும் அதற்குப் பெரிய துணை என்பதைச் சொல்லுங்கள். சந்தேகமுள்ள பெண்ணை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே கட்டணம் கிடையாது. வலியோடு கால் மரத்துப் பலமிழந்தாலும், மூத்திரம் போவதில் தடை ஏற்பட்டாலும், தொடையிடுக்கில் உணர்ச்சி குன்றினாலும், ஜுரம் சேர்ந்து வந்தாலும் எந்த மாத்திரையும் கொடுக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். ஒரே முகம் ஒரே வலிக்காக எட்டாம் நாளும் வந்து நின்றால், உங்கள் ஞாபகசக்தியே அவருக்கு மருந்துச்சீட்டாகட்டும். ஏழு நாள் முடிந்துவிட்டது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல, அந்த முகத்தை அறிந்த உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

காலையில் பூவைத் தொட்டுத் தொட்டு மகரந்தம் சேர்த்த பெண்ணின் மகளோ மருமகளோதான் மாலையில் உங்கள் கடைமுன் நிற்பவள். அவளிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும் உறையின்மேல் பெயரை எழுதிக் கொடுங்கள். ஏழு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். நாளை மாலையிலிருந்தே தொடங்கிவிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியன் ஒருவன்